டேஷ்போர்டு முள்ளின் வரலாறும் ஒரு பழைய அம்பாசடரும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் நான் கதை சொல்லிச் சொல்லிப் பாடத்துக்கு வருவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் சில வாரங்களுக்கு முன் போன் செய்தான். ஐம்பதைத் தாண்டிவிட்டான், எனக்கு இன்னும் அவன் "அவன்"தான். அவனுடைய அப்பா எங்கள் பகுதியில் டாக்ஸி ஓட்டியவர். 1959-ஆம் வருடத்து அம்பாசடர். அவர் காலமான பிறகு பல வருடம் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த அந்த வண்டியை மகன் இப்போது பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறான். பாடி வேலை, பெயிண்ட், சீட் எல்லாம் முடிந்துவிட்டது. டேஷ்போர்டு மீட்டர்கள்தான் பாக்கி. ஒன்றும் வேலை செய்யவில்லை.

அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டீச்சர், மீட்டரைக் கழற்றினதும் கழற்றினோம், ஓடின கணக்கை அஞ்சு சைபரா மாத்திரலாம்னு எல்லாரும் சொல்றாங்க. வண்டி புதுசாட்டம் ஆயிரும்ங்கறாங்க. மாத்தலாங்களா?"

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதை என்னிடம் ஏன் கேட்கிறான் என்று முதலில் யோசித்தேன். பிறகுதான் இது மெக்கானிக் வேலை பற்றிய கேள்வி இல்லை, வரலாற்றுக் கேள்வி என்று தோன்றியது. உடனே பதில் சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன், படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அப்படிச் சேர்ந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

சேறு தடுக்க வைத்த பலகை

முதலில் "டேஷ்போர்டு" என்ற சொல்லைப் பார்ப்போம். காருக்கு முன்னால் குதிரை வண்டி இருந்தது. குதிரை ஓடும்போது அதன் குளம்பு சேற்றையும் கல்லையும் பின்னால் வாரி அடிக்கும். அது வண்டியோட்டியின் மேல் படாமல் இருக்க முன்பக்கம் ஒரு பலகையோ தோல் தடுப்போ வைத்தார்கள். அதன் பெயர்தான் டேஷ்போர்டு. குதிரை போய் இன்ஜின் வந்தது, சேறு அடிப்பதும் நின்றது. பலகை மட்டும் பெயரோடு அங்கேயே இருந்துகொண்டது. பிறகு வந்த மீட்டர்களை மாட்ட அதுவே வசதியான இடமாகிவிட்டது.

முதல் கார்களில் மீட்டர் என்று எதுவும் கிடையாது. இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, சூட்டை மூக்கால் அறிந்து ஓட்டினார்கள். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சீட்டைத் தூக்கிவிட்டு, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு நனைந்த அளவைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் குச்சி விட்டுப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான்.

தூரத்தை எண்ணுவது காரைவிடப் பழையது

ஓடிய தூரத்தைக் காட்டும் கருவி காரோடு பிறந்தது என்று பலர் நினைக்கிறோம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதைத் தன் நூலில் விவரிக்கிறார். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு 12½ ரோமானிய அடி. 400 முறை சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். சக்கரம் ஒரு முறை சுற்றும்போது 400 பற்கள் கொண்ட இன்னொரு சக்கரம் ஒரு பல் மட்டும் நகரும். 400 பல்லும் நகர்ந்து முடிந்ததும் மேலே உள்ள தட்டிலிருந்து ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் "டங்" என்று விழும். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் எத்தனை மைல் என்று தெரிந்துவிடும்.

பழைய சீனாவிலும் இதே எண்ணம் வேறு வடிவில் இருந்தது. அங்கே வண்டி ஒரு "லீ" தூரம் போனதும் வண்டிமேல் இருக்கும் மரப்பொம்மை முரசை ஒரு முறை அடிக்கும்.

கல் விழுவதையும் முரசு அடிப்பதையும் இன்று எண் உருளைகள் செய்கின்றன. பல்சக்கரக் கணக்கு மாறவே இல்லை. இந்தக் கூழாங்கல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேகத்தை அளக்க வந்த கட்டாயம்

தூரம் எண்ணுவது எளிது. வேகம் அப்படி இல்லை. அதைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது சட்டம்.

இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இயந்திர வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. 1896 ஜனவரி 28 அன்று கென்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னல்ட் என்பவர் தன் காரை மணிக்கு 8 மைல் "அசுர வேகத்தில்" ஓட்டிப் போனார். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கான அபராதம் ஒரு ஷில்லிங். அதே ஆண்டின் இறுதியில் சட்டம் மாறி வரம்பு 14 மைலானது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 20 மைலாக உயர்த்தியது.

நினைத்துப் பாருங்கள், சட்டம் ஒரு எண்ணைச் சொல்கிறது. ஓட்டுகிறவரிடம் அந்த எண்ணைக் காட்டும் கருவி இல்லை. போலீஸ்காரர் சொன்னதுதான் வேகம். ஓட்டுகிறவர்களுக்குத் தங்கள் பக்கம் பேச ஒரு சாட்சி தேவைப்பட்டது.

அந்தச் சாட்சி கிடைத்த வழி நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1824-இல் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ, காந்த ஊசிக்குக் கீழே ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினார். செம்பைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் தட்டோடு சேர்ந்து ஊசியும் சுற்றியது. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பிறகுதான் காரணம் புரிந்தது. காந்தமும் உலோகமும் ஒன்றுக்கொன்று நகரும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது, அது காந்தத்தோடு சேர்ந்துகொண்டு இழுக்கிறது.

1902-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ஸே இதைக் காரின் வேகமானிக்குக் கொண்டுவந்து காப்புரிமை பெற்றார். கியர்பாக்ஸிலிருந்து ஒரு வளையும் கேபிள் மீட்டருக்கு வருகிறது. அதன் முனையில் ஒரு சிறிய காந்தம் சுழல்கிறது. காந்தத்தைத் தொடாமல், மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று அதை மூடியிருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணமும் கூடவே சுற்றப் பார்க்கும். கடிகாரத்தில் இருப்பது போன்ற முடிச்சுருள் ஒன்று, அதாவது ஹேர் ஸ்பிரிங், அதைப் பிடித்து நிறுத்தும். வேகம் கூடக்கூட இழுவை கூடும், கிண்ணம் இன்னும் கொஞ்சம் திரும்பும். கிண்ணத்தோடு ஒட்டிய முள் 20, 30, 40 என்று காட்டும். காந்தத்துக்கும் முள்ளுக்கும் இடையில் காற்றைத் தவிர வேறு தொடர்பே கிடையாது. பல பத்தாண்டுகள் உலகத்தின் பெரும்பாலான வண்டிகள் இந்த முறையில்தான் வேகம் காட்டின. உங்கள் பழைய டிவிஎஸ் 50-யிலும் இதுதான்.

கடிகாரக்காரர்களும் கொதிகலன்காரர்களும்

ஹேர் ஸ்பிரிங், மெல்லிய அச்சு, நுணுக்கமான பல்சக்கரம் இதெல்லாம் யார் கைக்குப் பழகியவை? கடிகாரக்காரர்களுக்கு. அதனால்தான் மீட்டர் தொழிலின் பெரிய பெயர்களில் பல கடிகாரத் தொழிலிலிருந்து வந்தன. லண்டனில் கடிகார வியாபாரம் செய்த சாமுவேல் ஸ்மித் குடும்ப நிறுவனம் 1904-இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் மெர்சிடிஸ் காருக்கு மீட்டர் செய்து கொடுத்தது. அந்த "ஸ்மித்ஸ்" என்ற பெயரைத்தான் பிறகு எண்ணற்ற பிரிட்டிஷ் கார்களின் மீட்டர் முகத்தில் பார்க்கிறோம்.

ஆயில் பிரஷர் மீட்டரின் வழி வேறு. அது நீராவிக் கொதிகலன்களிலிருந்து வந்தது. 1849-இல் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் பூர்டோன், ஒரு தட்டையான குழாயை அரிவாள்போல் வளைத்து அழுத்தமானி செய்தார். உள்ளே அழுத்தம் கூடினால் வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவை முள் காட்டும். திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் சுருள் பீப்பியை நினைத்துக்கொள்ளுங்கள், ஊதினால் நீள்கிறதல்லவா? கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்ட காலத்தில் இந்தக் கருவி உயிர் காத்தது. ரைஸ்மில்லில், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

இன்ஜின் சூட்டைக் காட்டும் கருவி முதலில் டேஷ்போர்டிலேயே இல்லை. 1910-களில் அமெரிக்காவில் ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு வெப்பமானியை நட்டுவைத்தார்கள். பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று பெயர். ஓட்டுகிறவர் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்து, சிவப்புக் கோடு ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகுதான் அது மெல்லிய குழாய் வழியாக உள்ளே வந்தது.

1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் கார்களில் சில முள்களுக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்கு வந்தது. இன்று நம் வண்டிகளில் பெரும்பாலும் விளக்குதான். முள் "கொஞ்சம் குறைகிறது, கவனி" என்று முன்கூட்டிச் சொல்லும். விளக்கு ஆபத்து வந்த பிறகுதான் எரியும். பழைய டிரைவர்கள் முள்ளை நம்பியதற்கு இதுதான் காரணம்.

நம் நாட்டுக் கார்களும் மைல் கணக்கும்

சுதந்திரத்துக்குப் பின் நம் சாலைகளை ஆண்டவை மூன்று பெயர்கள். வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட், நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் இறுதியில் வந்த அம்பாசடர், 2014 வரை உற்பத்தியானது. வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. 1970-களில் கோயம்புத்தூரிலேயே பிரீமியர் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் அண்ட் கண்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம் வாகன மீட்டர்கள் செய்யத் தொடங்கியது. இன்று அதைப் பிரிக்கால் என்ற பெயரில் அறிவோம். அங்கே வேலை பார்த்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலும் இருக்கலாம்.

என் மாணவனின் காரில் உள்ள மீட்டர் மைல் கணக்குக் காட்டுவது. அது தயாரான காலம் அப்படி. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. 1958 முதல் எடைகளும் அளவுகளும் படிப்படியாக மாறின. சேர், வீசை, மைல், பர்லாங்கு எல்லாம் மெல்ல விடைபெற்றன. சாலையோரக் கல்லில் கிலோமீட்டர் எழுதியிருக்கும், டேஷ்போர்டு முள் மைல் காட்டும். அந்தக் கால டிரைவர்கள் "அஞ்சு மைலுக்கு எட்டு கிலோமீட்டர்" என்று மனக்கணக்குப் போட்டே ஓட்டினார்கள். கல்லில் கிலோமீட்டர் வந்து இத்தனை காலம் ஆகியும் நாம் அதை "மைல்கல்" என்றுதான் சொல்கிறோம்.

மீட்டரைத் திறந்தபோது

இனி பழுது பார்க்கும் வேலை. நகரத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அவன் மீட்டரைக் கொண்டுபோனான், நானும் கூடப் போனேன். கடிகாரக்காரர்கள் தொடங்கிய தொழில் கடைசியில் கடிகாரக்காரரிடமே வந்து நின்றதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அவர் சொல்லிக்கொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

1. முள் ஆடுகிறது என்றால் உடனே மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். உள்கம்பி காய்ந்தோ எங்காவது மடங்கியோ இருந்தால் விட்டுவிட்டுச் சுற்றும், முள் குதிக்கும். கிரீஸ் கொஞ்சமாகத் தடவ வேண்டும். மீட்டர் பக்க முனையில் தடவக்கூடாது. அங்கே தடவினால் எண்ணெய் மேலேறிக் காந்தக் கிண்ணத்துக்குள் போய் முள் ஒட்டிக்கொள்ளும்.

2. கண்ணாடி வளையத்தை நெம்பாதீர்கள். பல மீட்டர்களில் வளையத்தின் உள்ளே சிறு நாக்குகள் இருக்கும். மெதுவாகத் திருப்பி அவற்றை வெட்டுப்பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் தானே கழன்றுவிடும். ரப்பர் காய்ந்து ஒட்டியிருந்தால் பொறுமை வேண்டும்.

3. எண்கள் எழுதிய முகத்தட்டைத் தண்ணீரோ சோப்போ போட்டுத் துடைக்காதீர்கள். பழைய எழுத்து பெயிண்ட் துணியோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

4. ஹேர் ஸ்பிரிங்கை விரலால் தொடவே கூடாது. ஒரு முறை வளைந்தால் எந்த வேகமும் சரியாகக் காட்டாது. காலப்போக்கில் காந்தம் பலம் குறைந்தால் முள் குறைவாகக் காட்டும். அதற்குக் காந்தத்தை மீண்டும் ஏற்ற வேண்டும், அது அனுபவசாலியின் வேலை.

5. மீட்டர் டப்பாவின் உள்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்திருப்பது அழகுக்கு அல்ல. சிறிய பல்பின் வெளிச்சம் அதில் பட்டுத்தான் முகத்தட்டு முழுக்கப் பரவுகிறது. பல்பு எரிந்தும் இரவில் எண் தெரியவில்லை என்றால் உள்சுவர் பழுத்துப் போயிருக்கும். வெள்ளை அடித்தால் சரியாகிவிடும்.

6. பெட்ரோல் முள் எப்போதும் காலி என்றே காட்டினால் முதலில் டேங்குக்குள் இருக்கும் மிதவையைச் சோதியுங்கள். பித்தளை மிதவையில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும். 1960-களுக்குப் பிந்தைய பல பிரிட்டிஷ் மாதிரிக் கார்களில் மீட்டருக்குப் பின்னால் நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இருப்பதுபோல் குட்டி வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். பெட்ரோல் முள், சூட்டு முள் இரண்டும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டினால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று. பல பழைய ஸ்மித்ஸ் வகை வேகமானிகளின் முகத்தில், கீழே, கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒரு சிறிய எண் தெரியும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது அது. பழைய அம்பாசடர்களில் பலரும் பின்னாளில் டீசல் இன்ஜின், வேறு கியர்பாக்ஸ், வேறு அளவு டயர் என்று மாற்றியிருப்பார்கள். அப்போது மீட்டர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பொய்தான் சொல்லும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, பின்சக்கரம் சரியாக ஆறு சுற்றுச் சுற்றும் வரை காரைத் தள்ளுங்கள். கேபிளின் உள்கம்பி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை 1,680-ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரைக்கு உள்ள உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் விடை. உதாரணமாகக் கேபிள் 10 சுற்று, உயரம் 12½ அங்குலம் என்றால் 16,800 ÷ 12½ = 1,344. மீட்டர் முகத்தில் 1,280 என்று இருந்தால், நீங்கள் 60-இல் போகும்போது முள் 63 காட்டும். ஓடிய தூரமும் அதே அளவு கூடுதலாக ஏறும்.

அந்த 1,680 எங்கிருந்து வந்தது? ஒரு மைலுக்கு 63,360 அங்குலம் என்பதை வைத்துக் கண்டுபிடியுங்கள். வட்டத்தின் சுற்றளவு பாடம் நினைவிருப்பவர்கள் கீழே கருத்தில் எழுதலாம். பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதினாலும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒளிரும் எண்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

இந்த வேலையில் ஆசையுள்ளவர்கள் இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். சில ஆண்டுகளில் அதைத் துத்தநாக சல்பைடோடு கலந்து இருட்டில் ஒளிரும் பெயிண்ட் செய்தார்கள். கைக்கடிகாரம், விமானக் கருவிகள், பிறகு இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ வண்டி மீட்டர்கள் என்று அது பரவியது.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் அந்தப் பெயிண்ட்டைப் பூசியவர்கள் இளம்பெண்கள். எண்கள் நுணுக்கமானவை, பிரஷ் முனை கூர்மையாக இருக்க வேண்டும். உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போயிற்று. ரேடியம் சுண்ணாம்புச் சத்தைப்போல எலும்பில் போய்ச் சேரும். பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண் வழக்குப் போட முடிவு செய்தார். வழக்கை எடுத்து நடத்த ஒரு வக்கீல் கிடைக்கவே அவர் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. 1927-இல் அவரோடு சேர்த்து ஐந்து பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 1928-இல் ஆளுக்கு 10,000 டாலரும் ஆண்டுக்கு 600 டாலரும் என்று சமரசமானது. தொழிலாளர் பாதுகாப்பின் வரலாற்றில் அந்த ஐந்து பெண்களுக்கு நிரந்தரமான இடம் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன்? ரேடியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 1,600 ஆண்டுகள். பெயிண்ட்டில் ஒளி தரும் பொருள் சில பத்தாண்டுகளில் கெட்டுவிடும், ஒளிர்வது நின்றுவிடும். கதிர்வீச்சு நிற்காது. "இப்போ ஒளிரலையே, ஒண்ணும் பண்ணாது" என்று நினைப்பது தவறு. போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் நம் ஊர்களிலும் ஓடின. அப்படிப்பட்ட வண்டியின் மீட்டரோ பழைய விமானக் கருவியோ உங்கள் கையில் கிடைத்து, எண்களின் மேல் பழுப்பேறிய தடித்த பூச்சு இருந்தால், கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள். மூடியிருக்கும் வரை ஆபத்து குறைவு. தூளாகி மூச்சிலும் வாயிலும் போனால்தான் பெரிய கேடு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டிய பிறகே அடுத்த வேலை.

என் மாணவனின் காரில் எண்கள் சாதாரண பெயிண்ட், இரவில் பல்பு வெளிச்சம்தான். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவனைத் திறக்க விட்டேன்.

ஐந்து சைபர் போடலாமா?

இப்போது அவனுடைய கேள்விக்கு வருகிறேன்.

மீட்டர் நின்றிருந்த எண் 41,736. மைல் கணக்கு. 1959-இலிருந்து டாக்ஸியாக ஓடிய வண்டிக்கு இது மிகக் குறைவு என்று யாருக்கும் தெரியும். உருளைகள் ஐந்துதான், 99,999-க்குப் பிறகு 00,000-க்குத் திரும்பிவிடும். எத்தனை முறை திரும்பியது என்பதை மீட்டர் சொல்லாது. ரோமானியரின் பாத்திரம் நிறைந்தால் கற்களைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவது மாதிரி.

அவனுடைய அம்மாவிடம் கேட்டேன். எண்பதைக் கடந்தவர், நினைவு தெளிவாக இருக்கிறது. "ஏனுங்க டீச்சர், அஞ்சு சைபரும் வர்றப்ப எந்த ரோட்டுல இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டிட்டு, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு, தேங்காய் ஒடைச்சுட்டுத்தானுங்க கெளம்புவாரு. ஒடைச்ச மூடிய வூட்டுக்குக் கொண்டாருவாரு. மூணு தடவ அந்தத் தேங்காயில நான் சட்னி அரைச்சிருக்கறேனுங்க" என்றார்.

மூன்று தேங்காய். அப்படியானால் 3,41,736 மைல். கிலோமீட்டரில் சுமார் 5,50,000. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்த மனிதர் நிலவு வரை போய், திரும்பும் வழியில் பாதியை நெருங்கும் அளவுக்கு ஓட்டியிருக்கிறார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, கல்யாணத்துக்கு மண்டபம், சபரிமலை, பழனி, இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுவந்தது என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. அந்தக் காசில்தான் இவன் படித்தான், இவன் தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது.

வரலாறு நடத்தும்போது உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு கல்வெட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, இன்னொரு சான்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று. இங்கே மீட்டர் ஒரு சான்று, அந்த அம்மாவின் நினைவு இன்னொரு சான்று. மீட்டரைச் சைபர் ஆக்கினால் அம்மாவின் கதைக்குத் துணை இல்லாமல் போகும். அம்மாவிடம் கேட்காமல் விட்டிருந்தால் 41,736 என்பதே தப்பான எண்ணாக நின்றிருக்கும்.

விற்பவர்கள் ஓட்டக் கணக்கைக் குறைப்பது ஏமாற்று. அமெரிக்காவில் 1972-லேயே அதைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் போட்டது. இவன் விற்கப் போவதில்லை, யாரையும் ஏமாற்ற நினைக்கவும் இல்லை. இருந்தாலும் சொந்த வீட்டுக் கணக்கைத் தானே அழித்துக்கொள்வதில் என்ன லாபம்?

அதனால் என் பதில் இது. கண்ணாடியைச் சுத்தம் செய், வளையத்துக்கு முலாம் பூசு, முள் உண்மையான வேகத்தைக் காட்டும்படி சரிசெய், டயருக்கும் கியருக்கும் ஏற்ற கணக்கைப் பார். எண் உருளைகளை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடு. அடுத்த மைல் 41,737 ஆகவே இருக்கட்டும்.

கடிகாரக்காரப் பெரியவர் ஒன்றைக் காட்டினார். மீட்டர் டப்பாவின் உள்பக்கத்தில் ஊசியால் கீறிய இரண்டு எழுத்தும் "74" என்ற எண்ணும் இருந்தன. பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் ஆண்டையும் மூடிக்குள் கீறி வைப்பது கடிகாரத் தொழிலில் உள்ள பழக்கமாம். ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் இதே மீட்டரைத் திறந்து, சரிசெய்து, எண்ணை மாற்றாமல் மூடியிருக்கிறார். இப்போது பெரியவர் தன் எழுத்தையும் இந்த ஆண்டையும் அதன் கீழே கீறினார். மாணவன் ஒரு சிறு தாளில் "மூன்று முறை சுற்றியது, அம்மா சொன்னது" என்று தேதி போட்டு எழுதி வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் அப்பாவின் புல்லட், தாத்தாவின் லாம்ப்ரெட்டா, மாமாவின் ஃபியட் என்று ஏதாவது இருக்கலாம். விற்பதற்கோ பழுது பார்ப்பதற்கோ முன்னால் மீட்டரை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வண்டியில் போனவர்கள் உயிரோடு இருக்கும்போதே எங்கெல்லாம் போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதை இங்கே பகிர்ந்தால் நானும் படித்து மகிழ்வேன். மதிப்பெண்ணும் உண்டு.

1,680 கணக்கை மறந்துவிடாதீர்கள். செய்முறை இல்லாமல் விடை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்